ஒரு சிட்டிகை என்பது எத்தனை மில்லிகிராம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். எம்.எஸ்சி. விலங்கியல் ப்ராஜெக்ட்டுக்காக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் புழுக்களை மூன்று ட்ரேக்களில் வளர்த்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் 3:1 கலந்த பொடி, இன்னொன்றுக்கு அக்வேரியம் கடையில் வாங்கிய மீன் தீனி, மூன்றாவதுக்கு வெறும் ஈஸ்ட். ஒவ்வொரு ட்ரேயிலும் சுமார் முந்நூறு புழு. தினமும் காலையில் ட்ரேக்கு ஒரு சிட்டிகை. மீன் தீனி ட்ரேயில் ஏழாம் நாளே கூட்டுப்புழு வந்துவிட்டது, பிஸ்கட் ட்ரேயில் ஒன்பதாம் நாள், ஈஸ்ட் ட்ரேயில் பாதி செத்து, மிச்சம் பதினான்காம் நாள். "மீன் தீனிதான் சிறந்தது என்று எழுதலாமா? ஈரல் பொடி இன்னும் நல்லது என்று சீனியர் சொல்கிறாரே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தீனியைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் பார்த்த வித்தியாசம் தீனியின் வகையால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்பதுதான் இதில் தீர்க்க வேண்டிய விஷயம். உங்கள் பதிவில் என் கண்ணை உறுத்திய சொல் "சிட்டிகை".

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டச்சத்து வேதியியலில் எனக்குப் பட்டம் கிடையாது. பதினாறு வருடம் ஓர் ஆய்வகத்தின் இன்செக்டரியில், அதாவது பூச்சி வளர்க்கும் அறையில், ட்ரே கழுவி, தீனி அரைத்து, கூட்டுப்புழு பொறுக்கிய அனுபவம்தான். அதில் பெரும்பகுதி ஏடிஸ், கொஞ்சம் கியூலெக்ஸ் என்ற வேறு கொசு வகை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் வளர்த்தது மூன்று வருடம்தான். அதனால் அதைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

சரி, சிட்டிகைக்கு வருவோம். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த ஏடிஸ் புழு, வெள்ளை ட்ரேயில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். புழுப் பருவத்தின் கடைசியான நான்காம் நிலைக்கு வரும்போது அதன் எடை சில நூறு மடங்கு கூடியிருக்கும். ஆக, முதல் நாள் தேவையும் ஐந்தாம் நாள் தேவையும் ஒன்றாக இருக்கவே முடியாது. நாங்கள் பழகிய கணக்கு, முதல் இரண்டு நாள் ஒரு புழுவுக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு, நான்காம் நிலையில் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். முந்நூறு புழு என்றால் முதல் நாள் இருபது முப்பது மில்லிகிராம், ஐந்தாம் நாள் நூற்றைம்பதுக்கும் மேல். இப்போது உங்கள் ஆய்வகத் தராசில் பத்துச் சிட்டிகை ஈஸ்ட்டையும் பத்துச் சிட்டிகை மீன் தீனியையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். மீன் தீனி செதில் செதிலாக, காற்றடைத்தது போல இருக்கும். ஈஸ்ட் குருணை கனமாக இறங்கும். எங்கள் அறையில் ஒரு நாள் விளையாட்டாக ஐந்து பேரைச் சிட்டிகை எடுக்கச் சொல்லி நிறுத்தோம். ஒருவர் சிட்டிகை இன்னொருவருடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே உங்கள் மூன்று ட்ரேக்களும் மூன்று வகைத் தீனியை மட்டும் தின்னவில்லை, மூன்று வேறு அளவுகளையும் தின்றிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல் நாள் தேவைக்கு மிக அதிகமாகவும், கடைசியில் ஒருவேளை போதாமலும் விழுந்திருக்கும்.

அளவு கூடினால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன்னால், மூன்று நாள் தீனியை ஒரே தடவையில் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது புளித்த மாவு வாடை. ட்ரேயின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு படலம், தண்ணீர் அரிசி களைந்த நீர் போல. பென்சிலால் ட்ரேயின் விளிம்பைத் தட்டினால் நல்ல புழுக்கள் எல்லாம் துள்ளி அடிக்குப் போகும். அன்று தட்டினேன், ஒன்றும் அசையவில்லை. ஏடிஸ் புழு வால் பக்கத்து மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் ஒட்டித்தான் காற்றை எடுக்கிறது. மேலே பாக்டீரியாப் படலம் கட்டிவிட்டால் குழல் அடைபட்டுப் போகிறது. சின்னப் புழுக்கள்தான் முதலில் போகும். படலத்தைக் கிழித்துக்கொண்டு வர அவற்றுக்குத் தெம்பு இல்லை. இது பசியால் வந்த சாவு இல்லை, விருந்தால் வந்தது. உங்கள் ஈஸ்ட் ட்ரேயில் நடந்ததும் இதுவாக இருக்கலாம் என்பது என் பலமான சந்தேகம். அதுவும் நீங்கள் பேக்கரிக்கு விற்கும் உயிருள்ள ஈஸ்ட்டைப் போட்டிருந்தால், அது தண்ணீரில் நொதித்துக்கொண்டே இருக்கும். கட்டுரைகளில் எழுதியிருக்கும் ஈஸ்ட் பெரும்பாலும் உயிர் நீக்கிய, மாத்திரையாகவோ பொடியாகவோ வரும் ப்ரூவர்ஸ் ஈஸ்ட். பெயர் ஒன்று, பண்டம் வேறு.

அளவு குறைந்தால் நடப்பது வேறு மாதிரி. புழுக்கள் உடனே சாகாது. ஏடிஸ் புழு பட்டினி தாங்கும், காத்திருக்கும். முதல் கூட்டுப்புழு வரும் நாள் கொஞ்சம்தான் தள்ளிப்போகும், ஆனால் கடைசிக் கூட்டுப்புழு வரும் நாள் எங்கேயோ போய்விடும். ஒரே ட்ரேயில் ஒரே நாளில் பொரித்தவற்றில் சில கூட்டுப்புழுவாகவும் சில இன்னும் மூன்றாம் நிலையிலும் கிடந்தால், தீனி போதவில்லை அல்லது கூட்டம் அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வெளிவரும் கொசுவும் சின்னதாக இருக்கும். சின்னப் பெண் கொசு குறைவாக முட்டையிடும். இது பல இனங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. அதனால்தான் இறக்கையின் நீளத்தை உடல் அளவுக்குப் பதிலாக அளக்கிறார்கள். நன்றாகத் தின்று வளர்ந்த ஏடிஸ் பெண்ணின் இறக்கை கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வரும், ஆணுக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இனி தீனி வகைக்கு வருகிறேன். வகை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொசுப்புழுவுக்கு என்னென்ன வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். புரதமும் அமினோ அமிலங்களும், பி வைட்டமின்கள், அப்புறம் ஸ்டெரால், அதாவது கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்பு. மற்றப் பூச்சிகளைப் போலவே கொசுவாலும் கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்க முடியாது, தீனியிலிருந்துதான் வரவேண்டும். 1935இலேயே வில்லியம் டிரேகர் என்ற அமெரிக்க ஆய்வாளர், கிருமி எதுவுமில்லாத நீரில் ஈரல் சாறும் ஈஸ்ட்டும் கொடுத்து ஏடிஸ் எஜிப்டியை வளர்த்துக் காட்டினார். உங்கள் சீனியர் சொல்லும் ஈரல் பொடிக்கு அத்தனை பழைய வம்சாவளி உண்டு. பிறகு 1970களின் இறுதியில் ஆர். எச். டாட் என்பவர் கியூலெக்ஸ் பிப்பியன்ஸை வைத்துச் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்தது. நீண்ட சங்கிலி கொண்ட பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், அதாவது மீன் எண்ணெயில் இருக்கும் வகை, தீனியில் இல்லாவிட்டாலும் புழு வளர்ந்துவிடுகிறது, கூட்டுப்புழுவாகிறது, கொசுவும் வெளியே வருகிறது. ஆனால் பறக்க முடிவதில்லை. கூட்டுப்புழு எண்ணிக்கையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் குறை கண்ணிலேயே படாது.

இதை உங்கள் ட்ரேக்களோடு பொருத்திப் பார்த்தால் ஒரு கதை கிடைக்கிறது. மீன் தீனியில் மீன் மாவு, இறால் மாவு, பாசி என்று பலதும் கலந்திருக்கும். புரதம் நிறைய, அந்தக் கொழுப்பும் உண்டு. நாய் பிஸ்கட் பெரும்பாலும் கோதுமை மாவு. அதனால்தான் அதோடு ஈஸ்ட் சேர்க்கிறோம், பி வைட்டமினுக்கும் புரதத்துக்கும். வெறும் ஈஸ்ட்டில் புரதமும் வைட்டமினும் இருந்தாலும் அந்த நீண்ட கொழுப்பு அமிலங்கள் கிடையாது. ஆகவே மீன் தீனி முந்தியதும் ஈஸ்ட் பிந்தியதும் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் எதிர்பார்த்தது நடந்தது என்பதற்காக உங்கள் சோதனை அதை நிரூபித்தது ஆகாது. டாட் பார்த்தது கியூலெக்ஸ் என்பதையும் மறக்க வேண்டாம். ஏடிஸுக்கு அதே அளவில் பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல், புழு தின்பது நீங்கள் போடுவதை மட்டுமல்ல. போட்ட தீனியில் பாக்டீரியா பெருகுகிறது, புழு இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறது. 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, கிருமி நீக்கிய முட்டையிலிருந்து வந்த ஏடிஸ் புழுக்களுக்கு வழக்கமான தீனியையே கிருமி நீக்கிக் கொடுத்தது. ஒன்றுகூட முதல் நிலையைத் தாண்டவில்லை. அப்படியானால் உயிருள்ள பாக்டீரியா கட்டாயம் போலிருக்கிறது என்று எல்லோரும் பேசினோம். 2018இல் வேறொரு குழு, ஈரலும் ஈஸ்ட்டும் செறிவாகக் கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) கட்டியைக் கொடுத்துக் கிருமி இல்லாமலேயே முழுக் கொசுவாக வளர்த்துவிட்டது. 2021இல் ஜார்ஜியா குழுவே முடிச்சின் ஒரு பகுதியை அவிழ்த்தது. ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடுகிறது, சாதாரண ட்ரேயில் அதை ஈடுகட்டித் தருவது பாக்டீரியாதான் என்று காட்டினார்கள். டிரேகர் வளர்த்ததற்கும் 2014 முடிவுக்கும் இடையே முரண் போலத் தெரிந்தது இப்படித்தான் கொஞ்சம் விளங்கியது. இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். ஜன்னலோரம் இருந்த ட்ரேயும் அலமாரி மூலையில் இருந்த ட்ரேயும் ஒரே தீனியைத் தின்றாலும் ஒரே உணவைப் பெற்றிருக்க வேண்டியதில்லை. ரேக்கின் மேல்தட்டு கீழ்த்தட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகவும் இருக்கும். சூட்டில் வளர்ச்சி வேகமாகும், கொசு சின்னதாகும். மீன் தீனி ட்ரே எந்தத் தட்டில் இருந்தது?

இந்த வேகம் என்பதே ஒரு கண்ணி. வியன்னாவுக்குப் பக்கத்தில் சைபர்ஸ்டார்ஃபில் சர்வதேச அணுசக்தி முகமையின் பூச்சி ஆய்வகம் இருக்கிறது. வெளியே விட்டுக் கொசுப் பெருக்கத்தைக் குறைப்பதற்கான மலட்டு ஆண் கொசுக்களை லட்சக்கணக்கில் வளர்ப்பதற்கு அவர்கள் உருவாக்கிய தீனியில் சூரை மீன் மாவு, மாட்டு ஈரல் பொடி, ப்ரூவர்ஸ் ஈஸ்ட் மூன்றும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஆண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கூட்டுப்புழுவாவது, பெண் கூட்டுப்புழுக்கள் ஆணைவிடத் தெளிவாகப் பெரிதாக இருப்பது. அந்த அளவு வித்தியாசத்தை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். 1959இல் ஃபே, மோர்லன் என்ற இருவர் வடிவமைத்த, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நீரோடு வழியவிட்டுப் பிரிக்கும் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தீனி ஏறுக்கு மாறானால் பட்டினி கிடந்த பெண் கூட்டுப்புழு ஆண் அளவுக்கு இருக்கும், தகட்டிடையே ஆண்களோடு சேர்ந்து நழுவிவிடும். ஈரல் பொடி விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் அதற்குப் பதிலாகக் கருஞ்சிப்பாய் ஈப் புழு மாவைச் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2022இல் அறிவித்த வோல்பாக்கியா (கொசுவுக்குள் வாழ்ந்து டெங்கு வைரஸைத் தடுக்கும் பாக்டீரியா) கொசு போன்ற திட்டங்களில் கணக்கு இன்னும் வேறு. வெளியே விடும் கொசு அங்கே உள்ளூர்க் கொசுவோடு போட்டியிட்டுப் பிழைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். உங்களைப் போன்றவருக்கோ, மாதா மாதம் மாறாத ஒரு காலனி இருந்தால் போதும். சீனியரின் ஈரல் பொடி சத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரை மற்ற எதையும்விட வேகமாகக் கெடுக்கும். தினமும் நிறுத்துப் போடும் ஒழுங்கு வருவதற்கு முன் அதைத் தொடாதீர்கள்.

நம் ஊர் விலங்கியல் துறைகளில் ஏதாவது ஓர் இலைச் சாற்றைக் கொசுப்புழுமேல் ஊற்றி எல்சி 50, அதாவது பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவு, கண்டுபிடிக்காத வருடம் உண்டா? (நானும் அதில் பங்கெடுத்தவன்தான், குறை சொல்லவில்லை.) அந்தச் சோதனைகளுக்கும் தீனி முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி மூன்றாம் நிலையின் இறுதி அல்லது நான்காம் நிலையின் தொடக்கத்தில் உள்ள புழுக்களை 25 வீதம் எடுக்கிறோம். ஆனால் வாடிப்போன நான்காம் நிலையும் கொழுத்த நான்காம் நிலையும் ஒரே அளவு மருந்துக்கு ஒரே மாதிரி சாவதில்லை. பொதுவாக வாடியது சீக்கிரம் போகும். எல்லோரும் "நாய் பிஸ்கட், ஈஸ்ட் 3:1" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். ஒரு புழுவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவது அபூர்வம். அதனால் இரண்டு ஆய்வகத்து எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு.

இந்த இனத்துக்கு இந்தத் தீனி என்று பொதுவாகச் சொல்ல முடியாததற்குத் தின்னும் பழக்கமும் ஒரு காரணம். ஏடிஸ் அடியிலும் ஓரத்திலும் மேய்கிறது, அதனால் அடியில் படியும் தீனி அதற்கு வீணாவதில்லை. கியூலெக்ஸ் தண்ணீரில் மிதந்து திரிவதை வடிகட்டித் தின்கிறது, கரைசலாகக் கொடுத்தால் சுகம். அனாபிலஸ் நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டு தலையை மட்டும் பின்பக்கமாகத் திருப்பி மேற்பரப்பில் இருப்பதை வாரி எடுக்கும். முதல்முறை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கழுத்து முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்கு மிதக்கும் மெல்லிய பொடி வேண்டும். ஒரே மீன் தீனியைச் செதிலாகவும் மாவாகவும் கொடுத்தாலே இரண்டு முடிவுகள் வரும். நாங்கள் மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்துத்தான் போடுவோம்.

புழுப் பருவத் தீனி பிற்பாடு கொசு நோயைக் கடத்தும் திறனை மாற்றுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இங்கே தரை கெட்டியாக இல்லை. நெருக்கடியில் வளர்ந்த சின்னக் கொசுக்கள் சில ஆய்வுகளில் டெங்கு வைரஸை எளிதாக ஏற்றன. வேறு சிலவற்றில் வித்தியாசம் இல்லை, அல்லது நேர் எதிராக இருந்தது. சின்னக் கொசு குறைந்த நாள் வாழலாம், ஆனால் முதல் முட்டைத் தொகுதிக்கே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கடிக்கவும் நேரலாம். இவை எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. உங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.

நேரம் இருக்கிறது என்றால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முட்டைத்தாளைப் போட்டால் ஆக்சிஜன் குறைவால் முட்டைகள் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும். அந்தச் சில மணி நேரத்துப் புழுக்களை மட்டும் எண்ணி எடுங்கள். "சுமார் முந்நூறு" வேண்டாம், இருநூறு என்றால் இருநூறு. முனை வெட்டிய டிராப்பரும் பொறுமையும் இருந்தால் போதும். ஒவ்வொரு தீனிக்கும் குறைந்தது நான்கு ட்ரே வையுங்கள். ஒரே ட்ரேயில் இருநூறு புழு இருப்பதால் இருநூறு தரவு கிடைத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. அவை எல்லாம் ஒரே தண்ணீரைக் குடித்தவை, கணக்குக்கு அந்த ட்ரே ஒன்றுதான். உங்கள் இப்போதைய சோதனையில் தீனிக்கு ஒரு ட்ரே வீதம்தான் இருக்கிறது. எந்தப் புள்ளியியல் சோதனையும் அதைக் காப்பாற்றாது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ட்ரேக்களைச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி வையுங்கள். தீனியைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, பிப்பெட்டால் அளந்து ஊற்றுங்கள். முடிந்தால் ஒவ்வொரு தீனியையும் இரண்டு அளவுகளில் கொடுத்துப் பாருங்கள். மீன் தீனி குறைந்த அளவிலும் பிஸ்கட்டை முந்துகிறதா என்று தெரிந்தால்தான் வகையைப் பற்றி வாய் திறக்க முடியும்.

அளப்பதில், முதல் கூட்டுப்புழு வந்த நாளைவிடப் பாதி கூட்டுப்புழுவான நாளை நம்புங்கள். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்கள், அவை எப்படியும் முந்தும். ஆண், பெண்ணைப் பிரித்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆண் அதிகமாக வந்த ட்ரேயைச் சிறிய கொசு வந்த ட்ரே என்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வொரு ட்ரேயிலிருந்தும் இருபது பெண்களின் இறக்கையை அளங்கள். விளிம்பில் இருக்கும் செதில் முடிகளைச் சேர்க்காமல் அளக்க வேண்டும்.

ஈஸ்ட் ட்ரேயில் பிழைத்த கொசுக்கள் இன்னும் கூண்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூண்டை மெதுவாகத் தட்டி, எத்தனை பறக்கின்றன, எத்தனை தரையிலேயே தத்துகின்றன என்று பாருங்கள். அப்படியே அந்த ஈஸ்ட் பாக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.